கண்ணாடியாக வந்த சவரக்கத்தியில் திடீர்க் கீறல்: பழி அடிக்கல்லுக்கா, நாகுராவுக்கா?

6 ஏப்ரல் 2024, அம்மாப்பேட்டை

சவரக்கத்தி தீட்டுற கியோட்டோ அடிக்கல் ஒண்ணும், அதுமேல தேய்ச்சு சேறு எழுப்புற சின்னக் கல்லான மிகாவா நாகுராவுல ரெண்டு வகையும் (போட்டான், மெஜிரோ) கைக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு. 8000 நம்பர் செயற்கைக் கல் வரைக்கும் (நம்பர் கூடக் கூட கல் நுண்மை) சவரக்கத்தி சுத்தமா வருது. அதுக்கப்புறம் மெஜிரோவை அடிக்கல்லுல தேய்ச்சு சேறு எழுப்பி முப்பது இழுப்பு இழுத்தா, கத்தி வாயை ஒட்டின சாய்வுல மூணு நாலு கீறல் விழுது. எல்லாம் ஒரே ஆழம் இல்ல. சில நாள் விழவே மாட்டேங்குது. அடிக்கல்லுல பழுப்பா ஒரு ரேகை ஓடுது, அதுதான் கீறுதுன்னு நினைக்கிறேன். நாகுராவை வாங்கினதும் 220 நம்பர் வாட்டர் பேப்பர்ல (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்ச்சு மட்டம் பண்ணிட்டேன், அதுல தப்பு இருக்க வாய்ப்பில்ல. அடிக்கல்லைத் திருப்பி அனுப்பிடலாமா அண்ணா?

6 ஏப்ரல் 2024, சூரமங்கலம்

அனுப்ப வேண்டாம் தம்பி. தப்பு இருக்க வாய்ப்பில்லை என்று நீங்கள் சொல்லும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

220 வாட்டர் பேப்பரில் ஒட்டியிருப்பது சிலிக்கான் கார்பைடு. அதன் துகள், அதாவது மணி, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 65 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். அது தாளிலிருந்து பிய்ந்து நாகுராவின் மெத்தென்ற முகத்தில் புதைந்துகொள்ளும். குழாயடியில் காட்டினால் போகாது. சேறு எழுப்பும்போது நாகுரா தேயத் தேய ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு நாள் கீறல் விழுவதும் மறுநாள் விழாததும் இதனால்தான். அடிக்கல்லின் ரேகை கீறுவதாக இருந்தால் இழுப்புக்கு இழுப்பு தவறாமல் கீறும், நாள் பார்க்காது.

சந்தேகத்தைத் தீர்க்க மூன்று சோதனை.

ஒன்று, நாகுராவைத் தொடாமல், அடிக்கல்லை நன்றாகக் கழுவி வெறும் தண்ணீரில் முப்பது இழுப்பு இழுத்து லென்ஸில் பாருங்கள். 10 மடங்கு லென்ஸ் போதும், செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள்.

இரண்டு, தையல் ஊசியை அந்தப் பழுப்பு ரேகைக்குக் குறுக்கே, அழுத்தாமல், படுக்கவைத்து இழுங்கள். ஊசி தடுக்கினால் ரேகை கெட்டது. வழுக்கிக்கொண்டு போனால் அது வெறும் நிறம்.

மூன்று, பழைய உளியின் முதுகைக் கண்ணாடி போல் துலக்கிக்கொள்ளுங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் நாகுராவை மட்டும் நாலு சொட்டுத் தண்ணீரோடு தேய்த்து, வரும் சேற்றை விரல் நுனியில் எடுத்து உளியின் முதுகில் ஒரே திசையில் பத்துத் தடவை தேயுங்கள். சேறு சுத்தமானதாக இருந்தால் சீரான மங்கல் மட்டும் வரும். அதில் தனியாக ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கோட்டைப் போட்டது நாகுராவுக்குள் இருக்கும் அந்நிய மணி.

7 ஏப்ரல் 2024, அம்மாப்பேட்டை

மூணும் பார்த்தாச்சு. வெறும் தண்ணியில கீறல் இல்ல. ஊசி வழுக்குது. உளியில ரெண்டு கோடு விழுந்துச்சு. நாகுராதான். தூக்கிப் போட வேண்டியதுதானா?

7 ஏப்ரல் 2024, சூரமங்கலம்

தூக்கிப் போடுவதா! அதன் முகத்தில் ஒரு மில்லிமீட்டர் போனால் கல் சுத்தம். முதலிலிருந்து தயார் செய்வதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிகாவா நாகுரா எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய கல். ஈரத்துணியால் துடைத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பக்கவாட்டில் மெல்லிய படிவக் கோடுகள் தெரியும். அந்தக் கோடுகளுக்கு இணையாக இருக்கும் முகத்தைத்தான் தேய்க்கும் முகமாக வைக்க வேண்டும். கோடுகளுக்குக் குறுக்கான முகத்தைத் தேய்த்தால் ஓரத்திலிருந்து தகடு தகடாகப் பெயரும், பெயர்ந்த தகடு கத்திக்கடியில் போனால் கீறல்தான். முத்திரை குத்திய முகத்தை விட்டுவிட்டு அதற்கு எதிர்முகத்தை எடுங்கள். முத்திரை போய்விட்டால் பத்து வருடம் கழித்து எது மெஜிரோ, எது தென்ஜோ என்ற இன்னொரு வகை என்று கண்ணால் சொல்வது கடினம்.

சமதளத்துக்குக் கிரானைட் பாலிஷ் பட்டறையில் கழித்துப் போட்ட துண்டு, முக்கால் அடி நீளம் இருந்தால் போதும். சேலத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இரும்பு ஸ்கேலை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் வேறு துண்டு எடுங்கள்.

இப்போது முகத்தை இறக்குவது. இதற்கு மறுபடியும் தாளை எடுக்காதீர்கள். நிக்கலில் வைரம் பதித்த தகடுதான் சரி, அட்டோமா என்ற பெயரில் வரும் 400 நம்பர் தகடு போல. அதன் மணிகள் நிலையாகப் பதிந்தவை, கல்லில் உதிராது. ஒரு விலக்கு உண்டு. புதுத் தகட்டில் சரியாகப் பிடிக்காத சில மணிகள் இருக்கும். முதலில் ஒரு பழைய செயற்கைக் கல்லில் ஐந்து நிமிடம் தேய்த்து அவற்றை உதிர்த்துவிட்டுத்தான் நாகுராவிடம் கொண்டுவர வேண்டும். முகம் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, ஓடும் தண்ணீரில் தேய்த்து, கட்டம் முழுக்க அழிந்ததும் கழுவி, மறுபடி கட்டம் போட்டுத் தேயுங்கள். இப்படி எத்தனை சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதைப் பக்கவாட்டில் போட்ட பென்சில் கோட்டை வைத்து அளந்துகொள்ளலாம். கடைசியில் 1200 தகட்டில் ஒரு நிமிடம்.

தகடு இல்லையென்றால் 1000 வாட்டர் பேப்பர் மட்டும். அதன் மணி 18 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டர் இறங்கப் பொழுது போய்விடும், ஆனால் புதைந்தாலும் சேதம் சிறியது. தாளை அடிக்கடி மாற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் முகத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருங்கள்.

பிறகு ஓரம். நான்கு விளிம்பையும் இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு 45 பாகையில் சாய்த்து, மூலைகளை உருட்டிவிட வேண்டும். தேய்க்கும் திசை எப்போதும் முகத்திலிருந்து வெளிப்பக்கமாக இருக்காமல், வெளியிலிருந்து முகத்தை நோக்கி இருக்கட்டும். எதிராகத் தேய்த்தால் ஓரம் பொடிந்து பல் விழும். கூர்மையான மூலையோடு நாகுராவை அடிக்கல்லில் வைப்பது, கீறலுக்கு நாமே கொடுக்கும் அழைப்பு.

கடைசியாகப் பூச்சு. தேய்க்கும் முகம் தவிர மற்ற ஐந்து பக்கமும் அடைக்கப்பட வேண்டும். தண்ணீர் படிவக் கோட்டுக்குள் இறங்கிக் காய்ந்து, இறங்கிக் காய்ந்து கல் பிளப்பதைத் தடுக்கத்தான் இது. கல்லை நிழலில் ஒரு வாரம் காயவைத்த பிறகே பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் பூச்சு கொப்புளிக்கும். மெல்லிய பூச்சாக மூன்று கை, கைக்குக் கை ஒரு நாள் இடைவெளி. ஜப்பானியர் முந்திரி அரக்கு பூசுவார்கள். இங்கே தச்சர்கள் போடும் அரக்கு பாலிஷ் போதும், ஸ்பிரிட்டில் கரைத்தது, எந்த மர பாலிஷ் கடையிலும் உண்டு.

8 ஏப்ரல் 2024, சூரமங்கலம்

நேற்று எழுதியதில் ஓரம் தேய்க்கும் திசையைக் குழப்பமாக எழுதிவிட்டேன். நாகுராவைக் கையில் பிடித்து, சாய்க்க வேண்டிய விளிம்பு பின்னால் இழுபடும்படி தகட்டின்மேல் நகர்த்துங்கள். விளிம்பை முன்னால் தள்ளினால் பொடியும். அவ்வளவுதான்.

9 ஏப்ரல் 2024, நாகலூர், ஏற்காடு

பூச்சு பற்றி ஒரு எச்சரிக்கை. முந்திரி அரக்கு, முந்திரிக் கொட்டையின் ஓட்டு எண்ணெயிலிருந்து வருவது. ஜப்பானிய அரக்கு மரம், முந்திரி, மா மூன்றும் ஒரே குடும்பம். மாம்பால் பட்டால் உதட்டிலும் கையிலும் புண் வருகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தப் பூச்சுகளும் தோலில் தடிப்பைக் கிளப்பலாம், பதப்படுத்தாத ஜப்பானிய மர அரக்கு பெரும்பாலும் கிளப்பும். கையுறை போட்டுப் பூசுங்கள், முழுதாகக் காயும்வரை வெறுங்கையால் தொடாதீர்கள். மாம்பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் வேறு பூச்சைப் பார்ப்பது நல்லது.

14 ஏப்ரல் 2024, சூரமங்கலம்

நாகலூர்க்காரர் சொன்னது முக்கியம், நான் விட்டுவிட்டேன்.

இனி சேறு எழுப்புவது. கல் தயாராகிவிட்டால் பாதி வேலை முடிந்தது, மீதிப் பாதி முழுக்கப் பதம் பார்ப்பதுதான்.

அடிக்கல்லை ஊற வைக்கக் கூடாது. மேலே நனைத்து, வழித்துவிட்டு, நடுவில் 10 சொட்டு விடுங்கள். கண் மருந்துக் குப்பி இதற்குத் தோதானது. நாகுராவை, சந்தனம் இழைப்பது போல, சின்னச் சின்ன வட்டமாகக் கல்லின் முழு நீளத்துக்கும் கொண்டுபோங்கள். நடுவிலேயே சுற்றினால் அடிக்கல்லில் பள்ளம் விழும். அழுத்தம் வேண்டாம், விரல்களின் எடையே போதும். மெஜிரோவுக்கு 30 முதல் 40 விநாடியில் சேறு வந்துவிடும். ஒரு நிமிடமாகியும் வராவிட்டால் நாகுராவின் முகம் வழவழத்துப்போயிருக்கிறது, 1200 தகட்டில் இரண்டு தடவை இழுத்துவிட்டு வாருங்கள்.

கல்லை லேசாகச் சாய்த்தால் சேறு பால் போல மெல்ல வழிய வேண்டும். தயிர் போல நின்றால் கெட்டி. தண்ணீராக ஓடினால் நீர்த்துவிட்டது. விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பாருங்கள், வழவழப்பைத் தவிர வேறெதுவும் தட்டுப்படக் கூடாது. நறநறவென்று ஒரு மணி தட்டுப்பட்டாலும் மொத்தத்தையும் கழுவி ஊற்றிவிட்டு மறுபடி எழுப்புங்கள். அந்த ஒரு மணிக்காக ஒரு மணி நேர வேலை போவதைவிட இரண்டு நிமிடம் போனால் போகட்டும்.

பத்து இழுப்புக்குள் வெள்ளைச் சேறு சாம்பலாகும். சாம்பல் கறுத்தால் இரும்பு அரைபடுகிறது என்று பொருள். கறுக்கவே இல்லையென்றால் ஒன்று சாய்வு கல்லில் படவில்லை, அல்லது சேற்றின் மேல் கத்தி மிதக்கிறது.

கெட்டிச் சேறு வேகமாக அறுக்கும், ஆனால் வாயை மழுக்கவும் செய்யும். வாய் முன்னே போகும்போது சேற்றில் நிற்கும் மணிகள் நேராக வந்து மெல்லிய வாயில் மோதுகின்றன. அதனால் கெட்டிச் சேற்றில் எத்தனை நேரம் இழுத்தாலும் ஒரு அளவுக்குமேல் கூர் ஏறாது. நீர்க்க விட வேண்டும். 25 இழுப்புக்கு ஒரு தடவை இரண்டு சொட்டு. இப்படி நாலைந்து சுற்றில் சேறு கிட்டத்தட்டத் தெளிந்துவிடும். பிறகு கல்லைக் கழுவி, வெறும் தண்ணீரில், கத்தியின் எடையிலேயே 15 இழுப்பு. மயிரை நிற்கவைத்து அறுக்கும் கூர் இந்தக் கடைசி 15-இல் வருகிறது. முந்தைய நூறு இழுப்பு அதற்கான பாதை.

இந்த மாதத்து வெயிலில் மத்தியானம் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் சேறு காய்ந்து ஓரத்தில் பொருக்குத் தட்டும். பொருக்கு கத்திக்கடியில் வந்தால் அது மணி மாதிரியே நடந்துகொள்ளும். விடியற்காலையில் உட்காருங்கள், விசிறியை நிறுத்துங்கள்.

போட்டானிலிருந்து மெஜிரோவுக்குப் போகும்போது கத்தி, கல், கை, நகக்கண், மேசைத் துணி எல்லாவற்றையும் கழுவ வேண்டும். நகக்கண்ணைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இரண்டு நாகுராவையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள்.

15 ஏப்ரல் 2024, அம்மாப்பேட்டை

நாகுரா அடிக்கல்லோட அப்படியே ஒட்டிக்குது அண்ணா. பலமா தூக்கினா ரெண்டு கல்லும் சேர்ந்து வருது.

15 ஏப்ரல் 2024, சூரமங்கலம்

இரண்டு முகமும் சமம் என்பதற்கு அதுவே சான்று. தூக்காதீர்கள். தண்ணீர் விட்டு ஓரத்துக்கு நகர்த்தி, பக்கவாட்டில் வழுக்கி எடுங்கள். மெல்லிய அடிக்கல் தூக்கும்போது உடைந்தே போகும். திரும்பத் திரும்ப ஒட்டினால் ஓரச் சாய்வை அகலமாக்கி, கல்லில் படும் பரப்பை இரண்டரை சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையுங்கள்.

21 ஏப்ரல் 2024, சூரமங்கலம்

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தார்கள். போர் தண்ணீரில் சேறு எழுப்பினால் சில சமயம் திட்டுத் திட்டாகத் திரள்வதைப் பார்க்கலாம். கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். களிமண் போன்ற நுண்துகள்கள் தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பிரிந்து நிற்கும். இந்த உப்புகள் அந்தத் தள்ளுதலைக் குறைத்துவிடுவதால் துகள்கள் சேர்ந்து கட்டியாகும். பார்க்க எளிய வழி: ஒரே அளவு சேற்றை இரண்டு கண்ணாடி டம்ளரில் போடுங்கள், ஒன்றில் போர் தண்ணீர், ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர். கலக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். கடினநீர் டம்ளரில் மேலே சீக்கிரம் தெளியும், மற்றதில் கலங்கலாகவே நிற்கும். கல்லின் மேல் நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரு தடவை தீட்ட ஐம்பது மில்லி தண்ணீர்கூடச் செலவாகாது, ஆர்.ஓ. தண்ணீரே வையுங்கள்.

கரிம எஃகு சேற்றில் கிடக்கும்போதே துருப்பிடிக்கத் தொடங்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்துக்கொண்டால் காரத்தன்மையால் துரு தள்ளிப்போகும்.

4 மே 2024, நாகலூர், ஏற்காடு

ஆப்ப சோடாத் தண்ணீர் இரண்டு வாரம் பயன்படுத்தினேன். துரு இல்லை, உண்மை. ஆனால் நாகுராவில் போட்ட அரக்கு பாலிஷ் முதலில் வெளுத்தது, அப்புறம் பிசுபிசுத்து விரலோடு வருகிறது. பாலிஷ் மட்டமா, சோடாவா?

4 மே 2024, சூரமங்கலம்

சோடாதான். நான் சொன்ன இரண்டு யோசனையும் ஒன்றுக்கொன்று பகை என்பதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், காரநீரிலும் இளகிக் கரையும். வெறும் தண்ணீர் பட்டாலே வெளுக்கும் பொருள் அது. சோடாத் தண்ணீர் வைப்பவர்கள் அரக்கை ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்துவிட்டு, பாலியூரிதேன் வார்னிஷ் மூன்று கை பூசுங்கள். அரக்கு பூச்சை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் சோடாவை விட்டுவிட்டு, கத்தியை நிலைக்கு நிலை கழுவித் துடையுங்கள். ஏப்ரல் 7 குறிப்பில் அரக்கைச் சிபாரிசு செய்ததைத் திரும்பப் பெறுகிறேன். வார்னிஷ்தான் முதல் தேர்வு.

5 மே 2024, ஓமலூர்

ஜப்பான் கல்லுக்கு இவ்வளவு செலவு எதற்கு? நம்ம ஊர் வெள்ளைக்கல் மெத்தென்றுதான் இருக்கிறது, தேய்த்தால் பால் மாதிரி வருகிறது. அதையே நாகுராவாக வைத்தால் என்ன?

5 மே 2024, சூரமங்கலம்

நல்ல கேள்வி. பால் வருவது மட்டும் போதாது, அந்தப் பாலில் இருக்கும் மணி இரும்பை அறுக்க வேண்டும். வெள்ளைக்கல் மாக்னசைட். கல்லின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் (1 முதல் 10 வரை) அதன் கடினம் 4 சுற்றி. பதமேற்றிய கத்தி 6-க்கு மேல். அதனால் அந்தப் பால் கத்தியை அறுக்காது. அதோடு நம் பக்கத்து வெள்ளைக்கல்லில் இடையிடையே சிலிக்கா நரம்பு ஓடும். அது 7. அதிலிருந்து ஒரு துணுக்கு வந்தால் உழுதுவிடும். அறுக்க வேண்டியது அறுக்காது, கீறக் கூடாதது கீறும்.

கறுப்புக் கடப்பாக் கல்லும் ஆகாது. அது சுண்ணாம்புக் கல், கடினம் 3. சேர்வராயன் மலைக் கருங்கல் இதற்கு நேர் எதிர்: சார்னோக்கைட் எனப்படும் அந்தக் கல்லில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் போதுமான கடினம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய படிகங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நிற்கின்றன. அவை உதிராது, சேறே வராது. கஞ்சமலை இரும்புக் கல்லும் அப்படியே.

நாகுராவின் சிறப்பு இரண்டு குணம் ஒன்றுசேர்ந்திருப்பது. மணி கடினம், மிக நுண்மை, ஆனால் மணியை மணியோடு பிடித்திருக்கும் பிடிப்பு தளர்வு. இந்தச் சேர்க்கை எந்த ஊர்க் கல்லில் இருந்தாலும் அது வேலை செய்யும். கிடைத்தால் மூன்றாவது சோதனையை, அதான் உளி முதுகுச் சோதனையை, செய்து பாருங்கள். சேறு கறுக்காவிட்டால் அங்கேயே விட்டுவிடலாம்.

12 மே 2024, சூரமங்கலம்

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம். பத்தமடை என்றால் பாய் என்று ஆனது போல, மிகாவாவில் இருக்கும் ஒரு ஊரின் பெயர் நாகுரா. இப்போது சேறு எழுப்பும் எல்லாச் சிறுகல்லுக்கும் அதுவே பெயர். மிகாவா ஐச்சி மாகாணத்தில் இருக்கிறது, அடிக்கல் வருவது கியோட்டோ மலைகளிலிருந்து. இரண்டும் வேறு வேறு கல் என்பதை மறக்க வேண்டாம்.

மிகாவாவில் முரட்டிலிருந்து நுண்மைக்கு: போட்டான், தென்ஜோ, மெஜிரோ, கோமா. சவரக்கத்திக்கு நாலையும் வரிசையாகப் போட்டு, கடைசியில் தோமோ நாகுராவில் முடிப்பது மரபு. தோமோ என்றால் அடிக்கல்லின் மலையிலிருந்தே வந்த கூட்டாளிக் கல். 8000 செயற்கைக் கல்லிலிருந்து வருபவர் போட்டானுக்குத் திரும்பினால் பின்னோக்கிப் போவதாகும். மெஜிரோவில் சேர்ந்துகொள்ளலாம். 1000-லிருந்து நேராக வருபவர் போட்டானைத் தாண்டவே கூடாது. தாண்டினால் 1000-இன் கோடு கோமாவரை கூட வரும். வாள் துலக்குபவர்கள் இந்த மிகாவாக் கல்லைப் பெரிய கட்டியாக வைத்து வாளையே அதன்மேல் தேய்க்கிறார்கள். நாம் துண்டிலிருந்து சேற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சுஷிமா நாகுரா என்று இன்னொரு வகை உண்டு, அது கறுப்பு. அதன் சேறே கறுப்பாக இருப்பதால், இரும்பு அரைபடுவதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. புதிதாகப் பழகுகிறவர்கள் வெள்ளையிலிருந்து தொடங்குவது நல்லது.

14 மே 2024, அம்மாப்பேட்டை

நாகுரா எப்பவும் அடிக்கல்லைவிட மெத்துன்னுதான் இருக்கணுமா? தோமோ ஒண்ணு கிடைச்சிருக்கு, கல்லா இருக்கு.

14 மே 2024, சூரமங்கலம்

மெத்தென்று இருந்தால் நாகுராவின் சேறு வரும். கடினமாக இருந்தால் அடிக்கல் தேய்ந்து அதன் சேறு வரும். தோமோவில் இரண்டும் ஒரே மலை என்பதால் பெரிய நஷ்டமில்லை, வைரத் தகட்டால் அடிக்கல்லில் சேறு எழுப்புவது போலத்தான். மிகாவாவில் இது நடந்தால் கணக்கு தப்பும். போட்டான் போடுவதாக நினைத்துக்கொண்டு அடிக்கல்லின் சேற்றிலேயே தீட்டிக்கொண்டிருப்போம். சேற்றின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் மிகாவா. அடிக்கல்லின் மஞ்சளோ பச்சைச் சாம்பலோ வந்தால் தேய்வது அடிக்கல்.

9 ஜூன் 2024, நாகலூர், ஏற்காடு

ஒட்டுக்கட்டும் கத்திக்கு இதை முயன்றவர்கள் உண்டா? வெட்டு வழவழவென்று விழுந்தால்தான் ஒட்டு பிடிக்கும்.

9 ஜூன் 2024, சூரமங்கலம்

நாகுராவுக்கு அதைவிடப் பொருத்தமான கத்தி இல்லை. ஒரு பக்கம்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை. தட்டையான பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படுக்கவைத்துத்தான் தீட்ட வேண்டும், இம்மி தூக்கினாலும் வெட்டு வளைந்து போகும். சாய்வில் மெஜிரோ, பிறகு நீர்க்கவிட்டு வெறும் தண்ணீர். பிசிர் தட்டைப் பக்கம் திரும்பும், அதைப் பத்து இழுப்பில் எடுத்துவிடுங்கள். கல்லுக்கு வருமுன் கத்தியில் காய்ந்த மாம்பாலை ஸ்பிரிட் தொட்ட துணியால் முழுக்கத் துடைக்க வேண்டும். பிசின் சேற்றில் கலந்தால் கல்லின் முகம் அடைத்துக்கொண்டு கத்தி வழுக்கும்.

காப்பிச் செடிக் கவாத்துக் கத்திக்கு 1000 கல்லோடு நிறுத்திக்கொள்ளலாம். அரிவாள்மனைக்கும் அப்படியே.

எஃகு எது என்பது முக்கியம். இயற்கைக் கல்லின் மணி குவார்ட்ஸ் கடினம்தான். குரோமியம் நிறைந்த எஃகில் இருக்கும் குரோமியம் கார்பைடு அதைவிடக் கடினம், கல் அதன்மேல் வழுக்கும். எளிய கரிம எஃகு, பேரிங் எஃகு, லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தி, இவை சேற்றை விரும்பி ஏற்கும். பாத்திரம் செய்யும் 304 தகட்டில் வெட்டிய கத்தியை எந்தக் கல்லும் காப்பாற்றாது. அந்த எஃகைச் சூடுகாட்டிப் பதமேற்ற முடியாது, கூர் ஏறினாலும் இரண்டு தக்காளிக்குமேல் நிற்காது.

30 ஜூன் 2024, சூரமங்கலம்

உடைந்த நாகுராத் துண்டுகளை என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டார்கள். விரலில் பிடிக்க முடிகிற துண்டென்றால் ஓரம் உருட்டிப் பயன்படுத்தலாம். பொடியாகிவிட்டதென்றால் ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிப் பாலைத் தெளியவைக்கிற முறைதான்.

துண்டுகளைத் தண்ணீரோடு சேர்த்துத்தான் நுணுக்க வேண்டும். உலர்ந்த கல்லை இடிக்கவே கூடாது. சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. நுணுக்கியதை ஆர்.ஓ. தண்ணீரில், 10 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கரைத்துக் கலக்குங்கள். கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல் 2.65 மடங்கு, தண்ணீரின் சூடு 30 பாகை செல்சியஸ் என்று வைத்தால், 20 மைக்ரான் மணி அந்த உயரத்தை இறங்க 4 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். 10 மைக்ரானுக்கு 15 நிமிடம். 5 மைக்ரானுக்கு ஒரு மணி நேரம். பருமன் பாதியானால் நேரம் நாலு மடங்கு. 4 நிமிடம் கழித்து, அடி கலங்காமல் மேல்நீரை அடுத்த பாத்திரத்துக்கு ஊற்றுங்கள். அங்கே 15 நிமிடம், பிறகு மூன்றாவது பாத்திரம், அங்கே இரவு முழுக்க. முதல் பாத்திரத்து வண்டலில் நுண்மணியும் சிக்கியிருக்கும், மறுபடி தண்ணீர் விட்டு இரண்டு தடவை இதையே செய்தால் அதுவும் வந்துவிடும்.

இது கடினநீரில் பலிக்காது. துகள்கள் திரண்டு எல்லாமே சேர்ந்து உட்கார்ந்துவிடும். ஏப்ரல் 21-இல் சொன்ன இரண்டு டம்ளர் சோதனை இங்கேதான் முழுப் பயனுக்கு வருகிறது.

மூன்றாவது பாத்திரத்துப் பசையைச் சின்னக் குப்பியில் அடைத்து வைத்து, அடிக்கல்லில் மிளகளவு எடுத்துத் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம். வளைந்த கத்திக்கு, ஒரு தக்கைத் துண்டில் தடவித் தேய்க்க இது மிக நன்றாக வருகிறது.

28 ஜூலை 2024, நாகலூர், ஏற்காடு

மலையில் மூட்டம் இறங்கினால் கல் காய மூன்று நாளாகிறது. மூடிய டப்பாவில் ஈரத்தோடு வைத்ததில் நாகுராவின் முகத்தில் பூஞ்சை படிந்தது. முகத்தை இரண்டு தடவை தகட்டில் இழுத்ததும் போய்விட்டது, கல்லுக்குச் சேதமில்லை. இப்போது அரிசி வைத்த துணிப் பையில் போட்டுத் தொங்கவிடுகிறேன். அடுப்புப் பக்கம் வைத்த ஒன்று படிவக் கோட்டில் விரிசல் விட்டது, அதனால் சூடு காட்ட வேண்டாம்.

11 ஆகஸ்ட் 2024, அம்மாப்பேட்டை

ஒரு மில்லிமீட்டர் இறக்கி, வார்னிஷ் போட்டு, மூணு மாசமா கீறல் இல்லாம ஓடிச்சு. நேத்து மறுபடி ஒரு கோடு. ஒரே ஒரு கோடுதான், ஆனா ஆழம்.

11 ஆகஸ்ட் 2024, சூரமங்கலம்

மூன்று மாதத்தில் முகம் தேய்ந்து இறங்கியிருக்கும், ஓரச் சாய்வின் அகலம் எவ்வளவு பாக்கி?

11 ஆகஸ்ட் 2024, அம்மாப்பேட்டை

ஒரு பக்கம் சாய்வே இல்ல. விளிம்பு கூரா நிக்குது, அதுல வார்னிஷ் பொடிப்பொடியா உரியுது.

11 ஆகஸ்ட் 2024, சூரமங்கலம்

அதுதான். முகம் இறங்க இறங்க வார்னிஷ் விளிம்புக்கு வந்துவிடும். முகத்திலிருந்து மூன்று மில்லிமீட்டர் உயரம்வரை வார்னிஷைச் சுரண்டிவிட்டு, சாய்வை மறுபடி இரண்டு மில்லிமீட்டர் ஆக்குங்கள். பிறகு உளி முதுகுச் சோதனை செய்துவிட்டு மட்டும் சவரக்கத்தியை எடுங்கள்.